எத்தனை மாதம்? நிவாரணக் கோப்பில் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

நிதியமைச்சகங்களிலும் நலத்துறைகளிலும் பணிபுரியும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எந்த நாட்டு அதிகாரிகள் என்று பெயர் சொல்லாமல்தான் எழுதுகிறேன். அடுத்த கொள்ளைநோய் எங்கே தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அது பரவத் தொடங்கிய சில வாரங்களில் உங்கள் மேசைக்கு வரும் கோப்பு எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதில் மூன்று கேள்விகள் இருக்கும். எத்தனை பேருக்கு, எவ்வளவு தொகை, எத்தனை மாதம். முதல் இரண்டுக்காகவும் நீங்கள் தூக்கம் கெட்டு வாதாடுகிறீர்கள், அதை மதிக்கிறேன். மூன்றாவதற்கு மட்டும் பெரும்பாலும் ஓர் எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறீர்கள். அந்த எண்ணைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. கொரோனா காலத்தில் ஒரு நிவாரண உதவி மேசையில் தன்னார்வலனாகப் பல மாதங்கள் உட்கார்ந்திருந்தவன். விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது, இல்லையென்றால் எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று வழிகாட்டுவது, இவ்வளவுதான் என் வேலை. அங்கே பார்த்தது மனதை விட்டுப் போகவில்லை. அதனால் அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். படித்ததும் பார்த்ததும் ஒரே இடத்தைக் காட்டின.

2020 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டு உலகத்தின் பல நகரங்கள் தெருவில்தான் இருந்தன. ஹாங்காங்கில் லட்சக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். சிலியில் மெட்ரோ கட்டண உயர்வில் தொடங்கிய கோபம் புதிய அரசியல் சட்டம் கேட்கும் அளவுக்கு வளர்ந்தது. அல்ஜீரியாவில் ஓராண்டுக்கும் மேலாக வெள்ளிக்கிழமை தவறாமல் ஊர்வலம் நடந்தது. கொரோனா வந்ததும் சில வாரங்களில் அந்தத் தெருக்களெல்லாம் காலியாகின. சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்) ஆய்வாளர்கள் ஊடகச் செய்திகளை வைத்துக் கணக்கெடுத்தபோது, உலக அளவில் பெரிய கொந்தளிப்புகள் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் இல்லாத அளவுக்குக் குறைந்திருந்தன.

அந்த அமைதியைப் பல அரசுகள் தப்பாகப் புரிந்துகொண்டன என்று நினைக்கிறேன். ஜனங்கள் நம் பக்கம் இருக்கிறார்கள், நிலைமை கையில் இருக்கிறது, உதவித்தொகை வேலை செய்துவிட்டது என்று நினைத்தார்கள். உண்மையில் அது பயத்தால் வந்த அமைதி. கூட்டம் கூடினால் தொற்றிக்கொள்ளும் என்ற பயம், வெளியே வந்தால் காவல்துறை பிடிக்கும் என்ற பயம், வீட்டில் இருக்கும் முதியவருக்கு என்ன ஆகுமோ என்ற பயம். பயம் போனதும் அதனடியில் இருந்தது எல்லாம் மேலே வரும். உங்கள் கோப்பு அந்த நாளுக்குத் தயாராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்த நாள் எப்போது வரும் என்பதற்கு ஓரளவு கணக்கே இருக்கிறது. அதே சர்வதேச நாணய நிதியத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 2020-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2001 முதல் 2018 வரை 133 நாடுகளின் தகவல்களை எடுத்து, சார்ஸ், பன்றிக்காய்ச்சல், எபோலா, ஜிகா போன்ற நோய்கள் வந்துபோன பிறகு அந்த நாடுகளில் என்ன நடந்தது என்று பார்த்தார்கள். நோய் உச்சத்தில் இருக்கும்போது கொந்தளிப்பு அதிகமாவதில்லை. அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல ஏறுகிறது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்து உச்சத்தைத் தொடுகிறது. நோய் உற்பத்தியைக் குறைக்கிறது, ஏற்றத்தாழ்வைக் கூட்டுகிறது. அந்த இரண்டும் சேர்ந்து கொந்தளிப்பைக் கிளப்புகின்றன. கொந்தளிப்பு மறுபடி உற்பத்தியைக் குறைக்கிறது. அப்படியே சுழல்கிறது.

இப்போது உங்கள் கோப்பில் இருக்கும் எண்ணை எடுத்துப் பாருங்கள். 2020-இல் அறிவிக்கப்பட்ட திட்டங்கள் பல மூன்று மாதத்துக்கு என்றுதான் தொடங்கின. பிரேசிலின் அவசர உதவித்தொகை அப்படித்தான் தொடங்கியது, பிறகு நீட்டித்தார்கள். உதவி மூன்றாம் மாதமோ ஆறாம் மாதமோ நின்றுவிடுகிறது. கோபம் இருபத்து நான்காம் மாதம் உச்சத்துக்கு வருகிறது. நடுவில் இருக்கும் அந்த நீண்ட காலத்தில் ஒரு குடும்பத்துக்கு என்ன நடக்கும் என்று அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். முதலில் சேமிப்பு கரையும். அப்புறம் உறவுக்காரர்களிடம் கடன். அவர்களும் அதே நிலையில் இருப்பதால் அது சீக்கிரம் நின்றுவிடும். அப்புறம் வட்டிக்கு. வாடகை பாக்கி ஏறும். வேலை திரும்பக் கிடைத்தாலும் பழைய சம்பளம் இருக்காது, வாங்கும் சம்பளத்தில் பாதி பழைய கடனுக்குப் போய்விடும். ஊரெல்லாம் "இயல்பு நிலை திரும்பிவிட்டது" என்று சொல்லும்போது இவர்கள் மட்டும் இன்னும் நோய்க்காலத்திலேயே இருப்பார்கள். கோபம் அங்கேதான் பிறக்கிறது. எல்லோரும் ஒன்றாகக் கஷ்டப்படும்போது மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் எழுந்து நடந்த பிறகு தான் மட்டும் விழுந்த இடத்திலேயே கிடப்பதைத்தான் பொறுக்க முடியாது.

தென் ஆப்பிரிக்காவில் நடந்ததை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அங்கே 2020 மே மாதம் வேலையில்லாதவர்களுக்கு மாதம் 350 ரேண்ட் உதவித்தொகை தொடங்கினார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் அதுவரை எந்த உதவிக்கும் தகுதி பெறாமல் இருந்த, உடம்பு நன்றாக இருக்கும், வயது நடுத்தரமான, வேலை மட்டும் இல்லாத மனிதனுக்கு அரசு கொடுத்த முதல் பணம் அது. ஏறத்தாழ 60 லட்சம் பேர் வாங்கினார்கள். 2021 ஏப்ரல் கடைசியில் அது நிறுத்தப்பட்டது. ஜூன் கடைசியில் மூன்றாவது அலை வந்து கட்டுப்பாடுகள் மறுபடி இறுகின. இந்த முறை கையில் எதுவும் இல்லை. ஜூலை 7 அன்று இரவு முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் சிறைக்குப் போனார். ஒரு வாரத்துக்கும் மேலாக குவாசுலு-நட்டால், கௌட்டெங் ஆகிய இரண்டு மாகாணங்களும் எரிந்தன. கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன. 350-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஜூலை 25 அன்று அதிபர் சிரில் ராமபோசா தொலைக்காட்சியில் பேசினார். நிறுத்தப்பட்ட 350 ரேண்ட் திரும்ப வருகிறது என்று அறிவித்தார். அதற்குப் பிறகு அது பல முறை நீட்டிக்கப்பட்டது.

உதவித்தொகை நின்றதால்தான் கலவரம் வந்தது என்று நான் சொல்லவில்லை. தீக்குச்சியைக் கிழித்தது ஓர் அரசியல் கைது. பின்னணியில் திட்டமிட்டவர்கள் இருந்தார்கள் என்று அரசே சொன்னது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த வேலையின்மை வேறு. ஆனால் கிழித்த தீக்குச்சி விழுந்த இடம் ஈரமாக இருந்ததா, காய்ந்து கிடந்ததா என்பது முக்கியம் இல்லையா? ஏப்ரலில் நிறுத்தியதை ஜூலையில் திரும்பக் கொடுக்க முடிந்தது என்றால், மே, ஜூன் மாதங்களிலும் கொடுத்திருக்க முடியும். அந்த இரண்டு மாதங்களை நிரப்பியிருந்தால் அந்த வாரத்தில் எத்தனை பேர் கடைக்குள் நுழையாமல் வீட்டிலேயே இருந்திருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அடிப்பது முதலில், கொடுப்பது பிறகு என்ற இந்த வரிசை புதிதில்லை. 1771-இல் மாஸ்கோவில் பிளேக் வந்தது. கோடை முடியும்போது நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்தார்கள். சந்தேகப்பட்டவர்களைப் பிடித்துத் தனிமைக் கூடங்களில் அடைத்தார்கள், அவர்களுடைய பொருள்களைக் கொளுத்தினார்கள், பொதுக் குளியலறைகளையும் தொழிற்கூடங்களையும் மூடினார்கள். கூலிக்காரர்களுக்கு வேலை போனது. நகரத்தின் ஆளுநரே தன் பண்ணை வீட்டுக்குப் போய்விட்டார். ஜனங்கள் ஒரு நகர வாயிலில் இருந்த புனிதப் படத்தின் முன்னால் கூடி முத்தமிட்டு வேண்டிக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கூடினால் நோய் பரவும் என்று பேராயர் ஆம்ப்ரோசியஸ் காணிக்கைப் பெட்டிக்கு முத்திரை வைக்கச் சொன்னார். மருத்துவப்படி அவர் செய்தது சரிதான். ஆனால் கையில் வேலையும் இல்லை, வீட்டில் பொருளும் இல்லை, கடைசியாக மிச்சம் இருந்த ஒரு நம்பிக்கையிலும் அதிகாரி கைவைக்கிறான் என்றுதான் கூட்டத்துக்குத் தோன்றியது. செப்டம்பரில் மூண்ட கலவரத்தில் பேராயரை மடத்திலிருந்து இழுத்துவந்து கொன்றார்கள். படைகள் பீரங்கியால் சுட்டுத்தான் அடக்கின.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். ரஷ்ய அரசி இரண்டாம் கேத்தரின், தன் நம்பிக்கைக்குரிய கிரிகோரி ஒர்லோவைக் கூடுதல் அதிகாரத்தோடு அனுப்பினார். அவர் கட்டுப்பாடுகளைக் கைவிடவில்லை. தனிமைக் கூடங்களைக் கூடுதலாகத் திறந்தார், மருத்துவர்களுக்குச் சம்பளத்தை உயர்த்தினார். கூடவே, தனிமை முடித்து வெளியே வருபவர்களுக்குப் பணம் கொடுத்தார். வேலையிழந்தவர்களுக்கு நகரத்தைச் சுற்றி மண்மேடு எழுப்பும் வேலை கொடுத்து, ஆண் பெண் இருவருக்கும் நாட்கூலி கொடுத்தார். குளிர்காலமும் வந்தது, நோய் தணிந்தது. குளிர் எவ்வளவு உதவியது, பணம் எவ்வளவு உதவியது என்று பிரித்துப் பார்க்க முடியாதுதான். ஆனால் அதே நகரம், அதே ஜனங்கள், அதே நோய், கட்டுப்பாடும் கிட்டத்தட்ட அதே. கையில் கூலி வந்தபோது அந்தக் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டார்கள். ஒர்லோவ் இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் பேராயர் உயிரோடு இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது, கொடுத்த பணத்தை யாரிடமிருந்து திரும்ப எடுப்பது என்ற பிரச்சினை. இங்கேதான் உங்கள் துறை மிகவும் அவசரப்படுகிறது.

பழைய உதாரணம் இங்கிலாந்து. கறுப்புச் சாவு என்று சொல்லப்படும் பெரும் பிளேக் 1348-இல் அங்கே நுழைந்து, ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே கொண்டுபோனது. வேலைக்கு ஆள் இல்லை, கூலி ஏறியது. உயிரோடு மிஞ்சிய உழைப்பாளிக்கு முதல்முறையாகக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது. அரசு என்ன செய்தது? 1349-இல் ஓர் ஆணை, 1351-இல் ஒரு சட்டம். பிளேக்குக்கு முந்தைய கூலிதான் வாங்க வேண்டும், கூடுதலாகக் கேட்டால் தண்டனை. அப்புறம் பிரான்சோடு நடந்த போருக்காகத் தலைவரி, 1377 தொடங்கி நான்கே ஆண்டுகளில் மூன்று முறை. மூன்றாவது வரி முந்தையதைவிடக் கடுமையாக ஏழைகள் தலையில் விழுந்தது. 1381 ஜூனில் குடியானவர்கள் லண்டனுக்குள் நுழைந்தார்கள். நோய் கொடுத்த வாய்ப்பைச் சட்டம் பிடுங்கியது, வரி மிச்சத்தையும் கேட்டது. ஒரு தலைமுறை கழித்து வெடித்தது.

புதிய உதாரணம் கொலம்பியா. கொரோனா காலத்தில் அங்கே ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் அனுப்பும் ஒரு திட்டம் நடந்தது. நல்ல திட்டம். அதை நிலையாக நடத்தப் பணம் வேண்டும் என்று 2021 ஏப்ரலில் நிதியமைச்சர் ஆல்பெர்த்தோ கராஸ்கியா ஒரு வரிச் சட்ட மசோதாவைக் கொண்டுவந்தார். அதன் பெயரிலேயே "நீடித்த தோழமை" என்று இருந்தது. மதிப்புக் கூட்டு வரியை இன்னும் பல பொருள்களுக்கு விரிப்பது, வருமான வரி வரம்பைக் கீழே இறக்குவது என்று அதில் இருந்தது. நோக்கம் ஏழைக்கு உதவுவது. ஆனால் அந்த ஆண்டில் தட்டுத் தடுமாறி நின்றுகொண்டிருந்த நடுத்தரக் குடும்பத்தின் காதில் விழுந்தது ஒன்றுதான்: நீ இப்போதுதான் எழுந்திருக்கிறாய், உன்னிடமிருந்து எடுக்கப் போகிறோம். ஏப்ரல் 28-இல் நாடு முழுவதும் வேலைநிறுத்தம். மே 2-இல் மசோதா திரும்பப் பெறப்பட்டது, மறுநாள் அமைச்சர் பதவி விலகினார். அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் போராட்டம் ஓயவில்லை, பலர் உயிரிழந்தார்கள். மசோதாவைத் திரும்பப் பெற ஐந்து நாள் போதுமாக இருந்தது, அது கிளப்பிவிட்ட கோபத்தை யாராலும் அப்படித் திரும்பப் பெற முடியவில்லை.

வரியைத் தொடாமல் செலவைக் குறைத்தால் போதும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அதுவும் சரிவரவில்லை. ஜாக்கோபோ பொன்டிசெல்லி, ஹான்ஸ்-யோவாகிம் வோத் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1919 முதல் 2008 வரையிலான ஐரோப்பிய நாடுகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். அரசு செலவை வெட்ட வெட்ட ஊர்வலங்களும் வேலைநிறுத்தங்களும் கலவரங்களும் கூடின. வெட்டு எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குக் கொந்தளிப்பு. உயர்ந்த வரிக்கு அங்கே அந்த அளவு எதிர்ப்பு இல்லை. கொலம்பியா வேறு மாதிரி சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது, வரியா வெட்டா என்பதைவிட யார் மேல் விழுகிறது, எப்போது விழுகிறது என்பதைத்தான் ஜனங்கள் பார்க்கிறார்கள்.

இப்போது என் மேசைக்கு வருகிறேன்.

ஓர் அக்கா வருவார். வீடுகளில் வேலை செய்தவர். தொற்று பயத்தில் நான்கு வீட்டிலும் ஒரே வாரத்தில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பத்தில் தொலைபேசி எண் கேட்டது. அவர் பெயரில் ஆவணங்களில் பதிவாகியிருந்த எண், விட்டுவிட்டுப் போன கணவருடையது. ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். எண்ணை மாற்ற ஓர் அலுவலகத்துக்குப் போக வேண்டும், அந்த அலுவலகம் பொதுமுடக்கத்தில் மூடிக் கிடந்தது. வேறு ஒருவர் மூலம் கணவரைத் தேடிப்பிடித்து, கெஞ்சி, அந்த ஆறு இலக்கத்தைக் கேட்டு வாங்கிவந்து சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மூன்று முறை இப்படி நடந்தது. நான்காவது முறை விண்ணப்பம் ஏறியது. "பரிசீலனையில் உள்ளது" என்று வந்தது.

அவர் வாரம் இரண்டு முறை வருவார். நான் எண்ணைப் போட்டுப் பார்த்து அதே இரண்டு சொல்லைப் படித்துச் சொல்வேன். ஆரம்பத்தில் "சரி தம்பி, அடுத்த வாரம் பார்ப்போம்" என்று போய்விடுவார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே நாள்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பணம் வந்த நாள் அது. இருவருக்கும் ஒரே வேலை, ஒரே வருமானம், ஒரே அளவு வீடு. "அவளுக்கு வந்தது சந்தோஷம்தான் தம்பி. எனக்கு ஏன் வரலன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லணும்ல? எங்கிட்ட என்ன குறைன்னு சொல்லட்டும், நான் வீட்டுக்குப் போறேன்" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பட்டியலை யார் தயாரித்தார்கள், எந்த விதிப்படி, யாரிடம் முறையிடலாம், எதுவும் எங்கும் எழுதியிருக்கவில்லை. அன்று மேசையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. எல்லோரிடமும் அதே கேள்வி இருந்தது. யாரும் தொகை குறைவு என்று சொல்லவில்லை.

பணம் இல்லாதது வலி. காரணம் சொல்லாமல் விடுபட்டது அவமானம். தெருவில் கூட்டத்தைச் சேர்ப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான் என்பதை அன்று அருகில் நின்று பார்த்தேன்.

நைஜீரியாவில் இது பெரிய அளவில் நடந்தது. 2020 அக்டோபரில் காவல்துறையின் ஒரு பிரிவு செய்துவந்த கொடுமைகளுக்கு எதிராக இளைஞர்கள் போராடினார்கள். அக்டோபர் 20-இல் லாகோஸின் லெக்கி சுங்கச்சாவடியில் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அடுத்த நாள்களில் ஒரு செய்தி பரவியது: கொரோனா நிவாரணமாக ஜனங்களுக்கு வந்த உணவுப் பொருள்கள் கிடங்குகளில் அப்படியே அடுக்கிக் கிடக்கின்றன. லாகோஸ், ஜோஸ், இலோரின், கலபார் என்று ஊர் ஊராகக் கூட்டம் கிடங்குகளை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. மூட்டைகள் இருந்தன. மாநில அரசுகள் விளக்கம் கொடுத்தன: பகிர்ந்துகொண்டுதான் இருக்கிறோம், கொஞ்சம் இரண்டாவது அலைக்காக வைத்திருக்கிறோம், முழுச் சரக்கு வந்து சேரக் காத்திருந்தோம். சில இடங்களில் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஏழு மாதம் காத்திருந்தவனின் கண்ணில் பட்டது பூட்டிய கதவும் அதன் பின்னால் தன் பெயரில் வந்த மூட்டையும். நிவாரணமே இல்லாத ஊரில்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. வந்து, கொடுக்கப்படாமல் கிடந்த நிவாரணம் எதுவும் வராததைவிட மோசம்.

நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். டோகோ ஒரு சிறிய, ஏழை நாடு. 2020 ஏப்ரல் தொடக்கத்திலேயே நோவிசி என்ற திட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். சாதாரண பட்டன் போனில் ஒரு குறுகிய எண்ணை அழுத்தி, வாக்காளர் அட்டை எண்ணைப் பதிந்தால் போதும். தகுதி இருந்தால் கைபேசிப் பணமாக உடனே வந்துவிடும். இணையம் வேண்டாம், வங்கிக் கணக்கு வேண்டாம், வரிசை வேண்டாம். அமைப்புசாரா வேலை செய்பவர்களுக்காகவே வடிவமைத்தார்கள். பெண்களுக்கு ஆண்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதிலும் விடுபட்டவர்கள் உண்டு, வாக்காளர் அட்டை இல்லாதவர்கள் உண்டு. ஆனாலும் பணக்கார நாடுகள் பல, காசோலை அச்சடித்துத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே பணம் போய்ச் சேர்ந்தது. அந்த அக்கா டோகோவில் இருந்திருந்தால், கணவரின் போனுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் சொல்வதைக் கேட்டு, பணம் கொடுத்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்கள் என்று நீங்கள் எடுத்துக்கொண்டால் அது பெரிய தப்பு. அமெரிக்கா 2020 மார்ச் 27-இல் நிறைவேற்றிய சட்டத்தின்படி, குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழே இருந்த பெரியவர் ஒவ்வொருவருக்கும் 1,200 டாலர், வேலையிழந்தவர்களுக்கு வாரம் 600 டாலர் கூடுதலாகக் கிடைத்தது. அந்தப் பணம் போய்க்கொண்டிருந்தபோதே, மே 25-இல் மினியாபொலிசில் ஜார்ஜ் ஃபிளாய்ட் ஒரு காவலரின் முழங்காலுக்கு அடியில் உயிரிழந்தார். அந்த நாட்டு வரலாற்றிலேயே மிகப் பெரிய போராட்டங்களில் ஒன்று அதைத் தொடர்ந்து வந்தது. எந்தக் காசோலையும் அதைத் தடுத்திருக்காது, தடுக்கவும் கூடாது. அநீதிக்கு எதிராகத் தெருவில் இறங்குவது குடிமக்களின் உரிமை. நிவாரணம் என்பது வாயடைக்கக் கொடுக்கும் பணமாக மாறினால் அதை வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். வாங்கிய கையோடு வெறுப்பும் சேர்ந்து வளரும்.

நிவாரணத்தால் தடுக்கக்கூடியது வேறு வகைக் கொந்தளிப்பு. பசியாலும் பயத்தாலும் கைவிடப்பட்ட உணர்வாலும் வருவது. 2014 ஆகஸ்டில் லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் வெஸ்ட் பாயின்ட் என்ற நெருக்கமான குடிசைப் பகுதியை எபோலாவுக்காக ஒரே இரவில் முள்வேலி போட்டு அடைத்தார்கள். பல்லாயிரம் பேர் விடிந்து எழுந்தபோது வெளியே போக வழி இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை, சாப்பாட்டு விலை ஏறிவிட்டது. கூட்டம் வேலியை நோக்கிப் போனது, படையினர் சுட்டார்கள், ஒரு பதினைந்து வயதுச் சிறுவன் செத்தான். பத்தே நாளில் வேலியை எடுத்துவிட்டார்கள். 2021 ஜனவரியில் லெபனானின் திரிப்போலியிலும் இதே மாதிரிதான். பணமதிப்பு ஏற்கெனவே விழுந்துகிடந்த நாட்டில், அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் சாப்பிடுபவர்களை, கைக்கு எதுவும் கொடுக்காமல் 24 மணி நேரமும் வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். போராட்டம் தொடங்கிய நான்காவது நாள் நகராட்சிக் கட்டடம் எரிந்தது. வேலி போட்ட கையே சாப்பாட்டையும் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் இந்த இரண்டு இடத்திலும் கதை வேறாக இருந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கலவரம் வரவில்லை என்றால் எல்லாம் சரி என்றும் எண்ணிவிட வேண்டாம். பிரேசிலில் 600 ரியாலாகத் தொடங்கிய உதவித்தொகை ஆறு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குப் போனது. 2020-இல் நோய் தாண்டவமாடிய நேரத்திலும் அங்கே வறுமை குறைந்தது. பிறகு 300 ஆனது, டிசம்பரோடு நின்றது. மூன்று மாதம் ஒன்றும் இல்லை. 2021 ஏப்ரலில் இன்னும் சிறிதாகத் திரும்ப வந்தது. அந்த மூன்று மாதத்தில்தான் அமேசான் பகுதியின் மனாஸ் நகரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து நோயாளிகள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். பெரிய கலவரம் எதுவும் வெடிக்கவில்லை. அந்த வீடுகளில் என்ன நடந்தது என்பது எந்தக் கொந்தளிப்புக் கணக்கிலும் வராது.

சரி, என்ன கேட்கிறேன் என்று நேராகவே சொல்கிறேன்.

"எத்தனை மாதம்" என்ற இடத்தில் எண் எழுதாதீர்கள். நிபந்தனை எழுதுங்கள். வேலையின்மை எந்த அளவுக்கு இறங்கினால் உதவி குறையத் தொடங்கும், கட்டுப்பாடு மறுபடி வந்தால் உதவியும் தானாகத் திரும்ப வருமா, இதைச் சட்டத்திலேயே எழுதிவையுங்கள். அப்போது ஏப்ரலில் நிறுத்தி ஜூலையில் திரும்பக் கொடுக்கும் நிலை வராது. நிறுத்தும்போதும் படிப்படியாக இறக்குங்கள். மாதம் முதல் தேதி வரும் என்று நம்பி வீட்டு உரிமையாளரிடம் வாக்குக் கொடுத்தவருக்கு, இருபத்தெட்டாம் தேதி மாலை "இனி இல்லை" என்று செய்தி வரக்கூடாது. திரும்ப எடுக்க வேண்டிய பணம் இருந்தால், கொள்ளைநோயிலும் லாபம் பார்த்தவர்களிடம் முதலில் போங்கள். தடுமாறி நிற்பவரிடம் இரண்டு ஆண்டுக்குப் போகாதீர்கள். அந்த இரண்டு ஆண்டுதான் ஆபத்தான காலம் என்று சர்வதேச நாணய நிதியத்தின் ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் அந்தப் பட்டியல். யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பதற்கான விதியை எல்லோருக்கும் புரியும் மொழியில் வெளியிடுங்கள். மறுக்கப்பட்டவருக்குக் காரணத்தை ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். முறையீடு கேட்க ஒரு மனிதரை உட்கார வையுங்கள், இணையப் பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். நோய் வருவதற்கு முன்பே, சாதாரண நாளிலேயே, பணம் போய்ச்சேரும் வழியைச் சோதித்துப் பாருங்கள். யாருடைய போன் யாருடைய பெயரில் இருக்கிறது, யாருடைய விரல்ரேகை தேய்ந்து பதியாமல் போகிறது, யாருக்கு முகவரிச் சான்றே இல்லை என்பதெல்லாம் வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு கண்டுபிடிக்கிற விஷயமா? திட்டம் முடிந்த பிறகும் குறைந்தது ஓராண்டுக்கு அந்த முறையீட்டு அலுவலகம் திறந்திருக்கட்டும். விடுபட்டவர்களுக்குப் பழைய பாக்கியையும் சேர்த்துக் கொடுங்கள்.

இந்தக் கடைசிக் கோரிக்கைக்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் மேசையை மூடிய அன்று மாலை அந்த அக்காவின் விண்ணப்ப எண்ணை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். "பரிசீலனையில் உள்ளது" என்றே வந்தது. அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை, காலையில் மறுபடி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். காலையில் அந்தத் தளமே திறக்கவில்லை.

இப்படிக்கு,
நிவாரண மேசையில் உட்கார்ந்திருந்த ஒருவன்